கபாப்: ஒரு சொல்லின் வரலாறும் ஒரு சத்தியத்தின் எல்லையும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

“அல்லாஹ்வின் மீது ஆணையாக, இனி நான் கபாப் உண்ணமாட்டேன்” என்று ஒருவர் சத்தியம் செய்துவிடுகிறார் என வைத்துக்கொள்வோம். கோபத்தில் சொன்னாரோ, உடல்நலம் கருதிச் சொன்னாரோ, வார்த்தை வாயிலிருந்து வெளிவந்துவிட்டது. அடுத்த வாரம் ஒரு வலீமா விருந்தில் சிவக்கப் பொரித்த கோழித்துண்டுகளை அவருடைய தட்டில் வைக்கிறார்கள். “கபாப் சாப்பிடுங்கள் பாய்” என்று உபசரிக்கிறார்கள். அருகிலிருப்பவரோ, “இது எண்ணெயில் பொரித்தது, கம்பியில் குத்தித் தணலில் சுட்டால்தான் கபாப்” என்கிறார். உண்டால் சத்தியம் முறியுமா, முறியாதா?

இதை விளையாட்டுக் கேள்வி என்று ஒதுக்கிவிட முடியாது. சத்தியம் முறிந்தால் அதற்குரிய பரிகாரத்தை அல்மாயிதா அத்தியாயத்தின் 89ஆம் வசனம் விதிக்கிறது. பத்து ஏழைகளுக்கு உணவளிக்க வேண்டும். அல்லது உடையளிக்க வேண்டும். அல்லது ஓர் அடிமையை விடுதலை செய்ய வேண்டும். இவற்றுக்கு இயலாதவர் மூன்று நாள் நோன்பு நோற்க வேண்டும். ஆகவே ஒரு சொல்லுக்கு நாம் என்ன பொருள் கொள்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரு மனிதர் மீது கடமை ஏறவும் கூடும், ஏறாமல் போகவும் கூடும். அதனால்தான் நம் முன்னோர்களான ஃபிக்ஹு அறிஞர்கள் உணவுப் பெயர்களைக்கூட அலட்சியமாகக் கடந்து செல்லவில்லை. கபாப் என்னும் சொல் எங்கிருந்து வந்தது, எவ்வழியாக நம் தட்டுக்கு வந்து சேர்ந்தது என்பதை முதலில் பார்த்துவிட்டு, இக்கேள்விக்குத் திரும்புவோம்.

குர்ஆனும் ஹதீஸும் பயன்படுத்தும் சொற்கள்

கபாப் என்றதும் அது அரபு நாட்டு உணவு, ஆகவே நபிகளாரின் காலத்து உணவு என்று எண்ணுவோர் நம்மிடையே உண்டு. திருக்குர்ஆனில் இச்சொல் இல்லை. சுட்ட இறைச்சியைப் பற்றிய செய்தி இருக்கிறது. அதற்கு வேறு சொல் கையாளப்பட்டுள்ளது. இப்ராஹீம் (அலை) அவர்கள் தம்மிடம் வந்த விருந்தினருக்குக் கன்றுக்குட்டியின் இறைச்சியைக் கொண்டுவந்து வைத்ததை ஹூது அத்தியாயத்தின் 69ஆம் வசனம் கூறுகிறது. அங்கு வரும் சொல் ‘ஹனீத்’ என்பதாகும். பழுக்கக் காய்ச்சிய கற்களின் சூட்டில் வேகவைத்த இறைச்சி என்று விரிவுரையாளர்கள் இதற்கு விளக்கம் தருகிறார்கள். கம்பியும் இல்லை, எண்ணெயும் இல்லை. பாலைவனத்தில் கிடைக்கும் கல்லும் நெருப்புமே அந்தச் சமையலின் கருவிகள்.

ஹதீஸ்களிலும் இதே நிலையைக் காண்கிறோம். அன்னை மைமூனா (ரலி) அவர்களின் இல்லத்தில் சுட்ட உடும்பு நபி (ஸல்) அவர்கள் முன் வைக்கப்பட்ட நிகழ்ச்சி புகாரீயில் உள்ளது. அதனைக் குறிக்க ‘மஹ்னூத்’ என்ற சொல் வருகிறது. ஹனீத் என்பதும் இதுவும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. அது உடும்பு என்று அறிந்ததும் நபியவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். “இது ஹராமா?” என்று காலித் பின் வலீத் (ரலி) அவர்கள் கேட்டபோது, ஹராம் இல்லை, தம் மக்கள் வாழும் பூமியில் இது இல்லாததால் தமக்கு மனம் ஒப்பவில்லை என்ற கருத்தில் பதிலளித்தார்கள். காலித் அவர்கள் அதை உண்டார்கள். ஓர் உணவு ஆகுமானதா என்பது வேறு, ஓர் ஊரின் பழக்கத்தில் உள்ளதா என்பது வேறு என்ற தெளிவு இந்நிகழ்ச்சியில் கிடைக்கிறது. இக்கட்டுரையின் முடிவில் இத்தெளிவு நமக்குத் தேவைப்படும்.

உம்மு ஸலமா (ரலி) அவர்கள் ஆட்டின் சுட்ட விலாப்பகுதியை நபியவர்களுக்கு அளித்ததைத் திர்மிதீ அறிவிக்கிறார். அங்கு வரும் சொல் ‘மஷ்வீ’. தீயில் சுட்ட இறைச்சிக்கு அரபியில் பொதுவாக வழங்கும் ‘ஷிவாஉ’ என்பதும் இவ்வேரைச் சேர்ந்ததே. சுட்ட ஆட்டை முன்னால் வைத்துக்கொண்டு உண்ண அழைத்த ஒரு கூட்டத்தாரிடம் அபூஹுரைரா (ரலி) அவர்கள் உண்ண மறுத்தார்கள். நபியவர்கள் வாற்கோதுமை ரொட்டியைக்கூட வயிறார உண்ணாமல் இவ்வுலகைப் பிரிந்தார்கள் என்று நினைவுகூர்ந்தார்கள். அந்த அறிவிப்பில் ‘மஸ்லிய்யா’ என்ற சொல் வருகிறது.

இறைச்சியைக் குத்திச் சுடும் இரும்புக் கம்பிக்கும் அரபியில் தனிச்சொல் இருந்தது: ‘ஸஃப்பூத்’. மத்ரஸாவில் ஓதியவர்களுக்கு இச்சொல் சமையலறை வழியாக அறிமுகமாகியிருக்காது. மரண வேளையில் உயிர் பிரிவதைப் பற்றி பராஉ பின் ஆஸிப் (ரலி) அறிவிக்கும் நீண்ட ஹதீஸ் வழியாகவே அறிமுகமாகியிருக்கும். ஈரக் கம்பளியில் சிக்கிய ஸஃப்பூத் இழுத்தெடுக்கப்படுவதற்கு இறைமறுப்பாளனின் உயிர் பிரிவது அங்கே ஒப்பிடப்படுகிறது. கேட்பவர்கள் ஒவ்வொருவரும் அந்தக் கம்பியை அறிந்திருந்ததால்தான் அவ்வுவமை உள்ளத்தைத் தைத்தது.

ஆக, சுட்ட இறைச்சியும் இருந்தது. குத்தும் கம்பியும் இருந்தது. இவற்றை அறிவிக்கும் இந்த இடங்களில் கபாப் என்னும் பெயரைத்தான் காணவில்லை.

அகராதியில் ஒரு வியப்பு

அரபு அகராதிகளில் பெரும்புகழ் பெற்ற ‘லிஸானுல் அரப்’, ஹிஜ்ரி 711இல் (கி.பி. 1311) மறைந்த இப்னு மன்ழூர் தொகுத்தது. அதில் கபாப் என்னும் சொல்லைத் தேடினால் ‘தபாஹிஜா’ என்று ஒற்றைச் சொல்லில் விளக்கம் கிடைக்கிறது. தபாஹிஜாவைத் தேடிச் சென்றால், அது பாரசீகத்திலிருந்து அரபுக்கு வந்த சொல் என்றும், பொரித்த இறைச்சியில் ஒரு வகை என்றும் காண்கிறோம். கம்பியைப் பற்றிய பேச்சே இல்லை. நம் விருந்தில் பரிமாறப்பட்ட பொரித்த கோழியைக் கபாப் இல்லை என்று மறுத்தாரே, அவர் இவ்விடத்தில் சற்றே தயங்க வேண்டியிருக்கும். ஏழு நூற்றாண்டுகளுக்கு முந்தைய அரபு அகராதி அவருக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது!

அரபியில் காஃப், பா, பா என்னும் வேருக்குக் கவிழ்த்தல், குப்புறத் தள்ளுதல் என்ற பொருள் உண்டு. அந்நம்ல் அத்தியாயத்தின் 90ஆம் வசனத்திலும், அல்முல்க் அத்தியாயத்தின் 22ஆம் வசனத்திலும் இவ்வேரிலிருந்து பிறந்த சொற்களை ஓதுகிறோம். நெருப்பின் மீது இறைச்சியைத் திருப்பித் திருப்பிப் போடுவதால் கபாப் என்ற பெயர் வந்தது என்று இதனைக் கொண்டு விளக்குவோர் உண்டு.

சொல்லாராய்ச்சியாளர்கள் பலர் வேறொரு வழியைக் காட்டுகிறார்கள். இஸ்லாத்துக்கு முன் இராக், ஷாம் பகுதிகளில் பரவலாகப் பேசப்பட்ட மொழி அராமிக். அதில் இதே ஓசையுள்ள வினைச்சொல் ஒன்று சுடுதல், கருக்குதல் என்ற பொருளில் வழங்கியது. அதற்கும் மூத்த மொழி, களிமண் பலகைகளில் ஆப்பு வடிவ எழுத்தில் எழுதப்பட்ட அக்காதியம். அம்மொழியில் ‘கபாபு’ என்றால் எரித்தல். யூப்ரடீஸ், டைக்ரிஸ் நதிகளின் கரையில் தோன்றிய ஒரு சொல் அக்காதியம், அராமிக், அரபு என மூன்று மொழிகளைக் கடந்திருக்கிறது என்பது அவர்களின் கருத்து. மூன்றும் ஒரே குடும்பத்து மொழிகள் ஆதலால் இதில் வியப்பில்லை.

அந்நியச் சொல் கலந்தது என்பதால் அரபு மொழிக்கு இழுக்கு ஏதும் இல்லை. ஹிஜ்ரி 540இல் மறைந்த ஜவாலீகீ போன்ற அறிஞர்கள், அரபு ஏற்றுக்கொண்ட பிறமொழிச் சொற்களைத் திரட்டித் தனிநூலே எழுதினார்கள். ஒளிக்க வேண்டிய குறையாக அதனை அவர்கள் கருதியிருந்தால் இத்தகைய நூல் பிறந்திருக்காது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. பாரசீகத்தில் ‘கம்’ என்றால் குறைவு, ‘ஆப்’ என்றால் தண்ணீர். தண்ணீர் குறைவாகச் சமைப்பதால் கபாப் என்றானது என்று ஒரு விளக்கம் உலவுகிறது. கேட்க இனிமையாக இருக்கிறதே தவிர, அராமிக், அக்காதியச் சொற்களை அது கணக்கில் கொள்ளவில்லை. ஓசை ஒற்றுமையை மட்டும் நம்பினால் எங்கே போய் நிற்போம் என்பதற்கு நாட்டு மருந்துக் கடையே சான்று. அங்கே ‘கபாப் சீனி’ என்று கேட்டால் வால்மிளகை எடுத்துத் தருவார்கள். அரபியில் அதன் பெயர் ‘கபாபா’. அதற்கும் இறைச்சிக்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

பாரசீகர், துருக்கியர், முகலாயர்

அரபியிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் இச்சொல் துருக்கி வரை சென்றது. கிழக்கே இந்தியா வந்தது. சென்ற இடமெல்லாம் அந்தந்த ஊரின் சட்டையை அணிந்துகொண்டது.

கம்பி என்னும் கருத்து எங்கே சேர்ந்தது என்பதைப் பெயரே காட்டிக்கொடுக்கிறது. ‘சீக்’ என்பது கம்பியைக் குறிக்கும் பாரசீகச் சொல்; சீக் கபாப் என்றால் கம்பிக் கபாப். துருக்கியில் கம்பிக்கு ‘ஷிஷ்’ என்று பெயர். ஷிஷ் கபாப் என்பதும் அதே பொருள்தான். கபாப் என்ற சொல்லுக்குள்ளேயே கம்பி அடங்கியிருந்தால் முன்னால் மீண்டும் ஒருமுறை கம்பி என்று சொல்லத் தேவை என்ன? துருக்கியரின் வழக்கு இதனை இன்னும் தெளிவாக்குகிறது. அங்கே ‘தாஸ் கபாப்’ என்பது பாத்திரத்தில் குழம்பாக வேகவைக்கும் இறைச்சி. குளிர்காலத் தெருக்களில் சுட்டு விற்கும் கஷ்கொட்டையையும் கபாப் என்றே அழைக்கிறார்கள். அதில் இறைச்சியே இல்லை! சுடுதல் என்னும் பழம்பொருள் அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது.

நம் நாட்டில் அக்பர் காலத்து ‘ஆயினே அக்பரி’ நூலில் அபுல் ஃபஸ்ல் அரண்மனை உணவுகளைப் பட்டியலிடும்போது கபாப் பல வகைப்படும் என்று குறித்துவிட்டு, இறைச்சியோடு நெய், இஞ்சி, வெங்காயம், நறுமணப் பொருட்களையும் சேர்த்துச் சொல்கிறார். இன்றும் லக்னோவில் கம்பியில் சுடும் காக்கோரி கபாபும், தட்டையாகத் தட்டிப் பொரிக்கும் ஷாமி கபாபும் ஒரே பெயரைப் பகிர்ந்துகொள்கின்றன. பாரசீக, உருதுக் கவிஞர்களோ துயரத்தில் வெந்த உள்ளத்தைக் கபாபாகிய நெஞ்சம் என்று பாடினார்கள். அதில் எரிதல் என்ற ஆதிப் பொருளைத் தவிர வேறொன்றும் இல்லை.

இப்போது நம் ஊர்களில் பெருகியிருக்கும் ஷவர்மாவையும் இங்கே நினைவுகூரலாம். தூய அரபுச் சொல் என்று பலர் கருதும் அது, ‘திருப்புதல்’ என்று பொருள்படும் ‘செவிர்மே’ என்ற துருக்கிச் சொல்லின் அரபு உருவமாகும். துருக்கியர் தம் நாட்டில் அதே வகை உணவைச் ‘சுழல்வது’ என்ற பொருளில் ‘தோனர்’ என்று அழைக்கிறார்கள். அப்பாஸியர் காலத்து பக்தாதிலும் கம்பியில் சுழற்றிச் சுட்ட உணவு இருந்தது. அதன் பெயர் ‘கர்தனாஜ்’. அதுவும் சுழற்றுதல் என்னும் பாரசீக வினையிலிருந்து வந்ததே. மூன்று காலத்தவரும் மூன்று மொழிகளில் ஒரே செயலைக் கண்டு ஒரே பெயரை வைத்திருக்கிறார்கள்.

தமிழர்க்கும் இது புதிதன்று

துருக்கிப் படைவீரர்கள் போர்க்களத்தில் வாளில் இறைச்சியைக் குத்திச் சுட்டதுதான் இவ்வுணவின் தொடக்கம் என்ற கதையைப் பலரும் சொல்லக் கேட்டிருப்போம். செயலின் வரலாறு அதைவிட மிகப் பழையது. கிரேக்கத்தின் சாந்தோரினித் தீவில், மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கும் முந்தைய குடியிருப்பு ஒன்றில், கம்பிகளைத் தணலின் மேல் தாங்கி நிறுத்தும் தாங்கிகள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. வடமொழி மருத்துவ நூல்கள் ‘சூல்யம்’ என்று குறிப்பிடுவது சூலத்தில், அதாவது கூர்ங்கம்பியில் குத்திச் சுட்ட இறைச்சியை. சங்க நூலான பொருநராற்றுப்படையில், கரிகாற் சோழனின் விருந்தில் இரும்புக் கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த இறைச்சி பரிமாறப்படுகிறது. அக்கம்பிக்குத் தமிழ் வைத்த பெயர் ‘காழ்’. அரபியின் ஸஃப்பூதும் பாரசீகத்தின் சீக்கும் துருக்கியின் ஷிஷ்ஷும் எதைக் குறிக்கின்றனவோ அதையே நம் காழும் குறித்தது.

கடல் கடந்தும் ஒரு தடயம் இருக்கிறது. மலாய் மக்கள் ஈர்க்குக் குச்சியில் கோத்துச் சுடும் ‘சாத்தே’ என்னும் உணவின் பெயர், தமிழின் ‘சதை’யிலிருந்து வந்திருக்கலாம் என்று சொல்லாராய்ச்சியாளர் சிலர் கருதுகின்றனர். தமிழ் வணிகர்கள், அவர்களுள் நம் முஸ்லிம் மரக்கலக்காரர்களும், பன்னெடுங்காலம் அத்துறைமுகங்களுக்குச் சென்று வந்தவர்கள் என்பதை எண்ணும்போது இக்கருத்தைப் புறந்தள்ள இயலவில்லை.

சத்தியத்துக்குத் திரும்புவோம்

இத்தனை வரலாற்றையும் அறிந்தபின் நம் கேள்விக்கு வருவோம். சத்தியம் செய்தவரின் வழக்கை எந்தப் பொருளைக் கொண்டு தீர்ப்பது? அக்காதியத்தையா, லிஸானுல் அரபையா, லக்னோவையா?

ஹிஜ்ரி 428இல் (கி.பி. 1037) மறைந்த இமாம் குதூரீ அவர்களின் ‘முக்தஸர்’ நம் மத்ரஸாக்களில் தொடக்க நிலையிலேயே ஓதப்படும் ஹனஃபீ நூல். அதில் சத்தியங்களைப் பற்றிய பாடத்தில் இதற்கு மிக நெருங்கிய சட்டம் ஒன்று உள்ளது. ஒருவர் ஷிவாஉ உண்ணமாட்டேன் என்று சத்தியம் செய்தால் அது இறைச்சியையே குறிக்கும். சுட்ட கத்தரிக்காயையும் காரட்டையும் குறிக்காது. மொழிப்படி பார்த்தால் சுட்டதெல்லாம் ஷிவாஉதான். கத்தரிக்காயும் நெருப்பில் சுடப்பட்டதுதான். ஆனால் மக்கள் வழக்கில் அப்பெயரைச் சொன்னால் இறைச்சிதான் நினைவுக்கு வருகிறது. இந்நூலை அடியொற்றி விரிவாக எழுதப்பட்ட ‘ஹிதாயா’ இக்காரணத்தை விளக்கிவிட்டு, முட்டை முதலிய சுட்ட பொருட்களையும் சேர்த்து அவர் நிய்யத் வைத்திருந்தால் அந்த நிய்யத்தும் கணக்கில் கொள்ளப்படும் என்கிறது. ஏனெனில் சொல்லின் அசல் பொருள் அதற்கு இடம்தருகிறது.

இந்த அளவுகோலை நம் விருந்துக்குப் பொருத்திப் பார்ப்போம். பெங்களூரிலும் அதை அடுத்த ஓசூர் பக்கத்திலும் சிக்கன் கபாப் என்று கேட்டால் எண்ணெயில் பொரித்த கோழியைத்தான் தருவார்கள். சத்தியம் செய்தவர் அவ்வூர்க்காரராக இருந்து, தனியாக வேறெந்த நிய்யத்தும் வைக்காமல் சொல்லியிருந்தால், அவருடைய நாவில் கபாப் என்றால் அந்தக் கோழியும் அடங்கும். உண்டால் சத்தியம் முறியும் என்பதே மேற்கண்ட சட்டத்தின் போக்கு. கபாப் என்றால் கம்பியில் சுட்டதை மட்டுமே அறிந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர் அதே வார்த்தையைச் சொல்லியிருந்தால் நிலை மாறும். வார்த்தை ஒன்று, கடமை இரண்டு. அருகிலிருந்தவர் சொன்னதும் லிஸானுல் அரப் சொன்னதும் அறிவுக்கு விருந்து; ஆனால் இம்மனிதரின் பொறுப்பு இவர் ஊரின் வழக்கிலும் இவர் நெஞ்சின் நிய்யத்திலும் தங்கியிருக்கிறது. சத்தியங்களில் சொல்லின் மொழிப்பொருளுக்கும் வழக்குக்கும் எந்த அளவு இடம் தருவது என்பதில் மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு உண்டு. எனவே இத்தகைய நிலை நேர்ந்தவர் இக்கட்டுரையை ஃபத்வாவாகக் கொள்ளாமல் தம் ஊர் ஆலிமை அணுகுவதே முறை.

சத்தியம் செய்யாத நமக்கும் இதில் பாடம் உண்டு. இன்றைய பொருளைச் சுமந்துகொண்டு பழைய நூலுக்குள் நுழைந்தால் அங்கே இல்லாததைக் காண்போம். ஒரு மாணவர் பழைய அரபு நூலில் கபாப் என்ற சொல்லைக் கண்டு, தெருமுனைக் கடையின் கம்பியையும் தணலையும் மனத்தில் வரைந்தால், ஓர் உணவைத் தவறாக விளங்கிக்கொண்டதோடு போயிற்று. அதே அவசரத்தோடு வணக்க வழிபாட்டுச் சொல்லையோ, கொடுக்கல் வாங்கல் சொல்லையோ அணுகினால் இழப்பு பெரிது. சொல்லுக்கு வயது உண்டு, ஊர் உண்டு என்பதை உணவின் பெயரில் கற்றுக்கொண்டால் மற்ற இடங்களில் நிதானம் வரும்.

அதுபோலவே, கடையின் பெயர்ப்பலகையில் கபாப், ஷவர்மா என்று எழுதியிருப்பதாலேயே உள்ளிருக்கும் இறைச்சி ஹலால் ஆகிவிடுவதில்லை. அச்சொற்கள் இஸ்லாத்துக்கு முந்தைய மொழிகளிலிருந்தும் துருக்கியிலிருந்தும் வந்தவை. மார்க்கத்தின் முத்திரை எதையும் அவை சுமக்கவில்லை. அயலூரில் உண்ண அமரும்போது அறுத்தது யார், அல்லாஹ்வின் பெயர் கூறி முறைப்படி அறுக்கப்பட்டதா என்று கேட்டறிவதே நம் கடமை. அதேபோல் நம் வீட்டுச் சுக்கா வறுவலுக்கு அரபுப் பெயர் இல்லையே என்று அதன் பரக்கத் குறையப்போவதும் இல்லை.

இப்ராஹீம் (அலை) அவர்களின் விருந்தை அத்தாரியாத் அத்தியாயமும் கூறுகிறது. அவர்கள் ஓசையின்றித் தம் வீட்டாரிடம் சென்றார்கள். கொழுத்த கன்றின் இறைச்சியைக் கொண்டுவந்தார்கள். அதை விருந்தினரின் அருகிலேயே வைத்து, உண்ணக்கூடாதா என்று அன்புடன் கேட்டார்கள். அந்த இறைச்சியை ஒவ்வொரு மொழியாரும் ஒவ்வொரு பெயரால் மொழிபெயர்த்துக்கொள்கிறார்கள். அந்த உபசரிப்பை நம் வீட்டு விருந்துகளில் கடைப்பிடிக்க எந்த அகராதியும் தேவையில்லை.

அல்லாஹ்வே மிக அறிந்தவன்.